நிறை–பருமன் வரைபடத்தில் அடர்த்தியைக் கண்டுபிடிப்பது: தண்ணீரிலிருந்து பச்சைக்கல் வரை

ரங்கூனில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் அடர்த்தி என்றால் என்ன என்று கேட்டால், நிறையைப் பருமனால் வகுக்க வேண்டும் என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஒரு எண்ணெய்க் கிண்ணத்தையும் தராசையும் கையில் கொடுத்துவிட்டு, ஐந்து முறை அளந்து ஐந்து முறை வகுக்கச் சொன்னால், ஐந்து வெவ்வேறு விடை வருகிறது. எது சரி என்று சொல்ல அவர்களிடம் வழியில்லை. அந்த வழியைக் கொடுப்பதுதான் வரைபடம். ஒரே ஒரு வகுத்தல் தன் தவறை மறைத்துக்கொள்ளும். ஐந்தாறு புள்ளிகள் போட்ட வரைபடத்தில் தவறு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். தண்ணீர், பிறகு எண்ணெய், பிறகு கல். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வேண்டிய ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறது. நேராகக் கல்லுக்குப் போனவர்கள் பாதியில் திரும்பி வருவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு ஒன்று. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் அதே வகை. தெயிஞ்சி சந்தைப் பக்கம் கிடைக்கும், பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. அது தாங்கும் அளவு 200 கிராமா 500 கிராமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தை வைத்துப் பூஜ்யப் பொத்தானை அழுத்தினாலும் கிண்ணத்தின் எடை தராசின் மேல் இருக்கத்தான் செய்கிறது. அதற்காகத் தாங்கும் அளவு அதிகமாகிவிடாது.

20 மி.லி. சிரிஞ்சு இரண்டு, ஊசி வேண்டாம். ஒன்று தண்ணீருக்கு, ஒன்று எண்ணெய்க்கு. அகலமான கண்ணாடிக் குடுவையைவிட சிரிஞ்சு நல்லது, ஏனென்றால் குழாய் ஒடுங்கியிருந்தால் அளவுக்கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், படிக்கும்போது வரும் பிழை குறையும்.

எடை குறைந்த கண்ணாடிக் கிண்ணம், மெல்லிய தையல் நூல், கடலை எண்ணெய் கால் லிட்டர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, கிராப் தாள், கூரான பென்சில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல். இந்த ஸ்கேல் அலங்காரத்துக்கு இல்லை. மரஸ்கேலை வைத்தால் கோட்டுக்குக் கீழே இருக்கும் புள்ளிகள் மறைந்துபோகும்.

2. அளக்கும் முன் அட்டவணை

மூன்றே பத்தி: பருமன், தராசு காட்டியது, குறிப்பு. வகுத்தலுக்குப் பத்தி போடாதீர்கள். போட்டால் பிள்ளைகள் இரண்டாவது அளவிலிருந்தே, போன விடைக்கு ஒத்துவருகிற மாதிரி எண்ணைத் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சரியாக வர வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் திருத்திய எண்ணால் எந்தப் பயனும் இல்லை.

பேனாவில் எழுதச் சொல்லுங்கள். தவறு என்று தோன்றினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம். அழிக்கக் கூடாது. பின்னால் வரைபடத்தில் ஒரு புள்ளி விலகி நிற்கும்போது, காரணம் பெரும்பாலும் குறிப்புப் பத்தியில்தான் இருக்கும்.

3. தண்ணீர்: தராசையும் சிரிஞ்சையும் சோதிப்பது

கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். சிரிஞ்சில் 20 மி.லி. தண்ணீர் எடுத்து ஊற்றி, எண்ணை எழுதுங்கள். கிண்ணத்தை எடுக்காமல் இன்னொரு 20, இன்னொரு 20 என்று 100 வரை போங்கள். நடுவில் பூஜ்யப் பொத்தானைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் அதுவரை ஊற்றியதன் கணக்கு போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் நுனியை மேலே பிடித்து விரலால் தட்டி வெளியேற்றிவிட்டு, பிறகு அளவைச் சரிசெய்யுங்கள். கறுப்பு ரப்பரின் எந்த விளிம்பைப் படிப்பது என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம். நுனிப் பக்கம், தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் முழு வளையத்தைப் படியுங்கள். ஒருமுறை முன் வளையம், ஒருமுறை பின் வளையம் என்று படித்தால் புள்ளிகள் சிதறும்.

நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒரு மி.லி. தண்ணீரின் நிறை 0.996 கிராம். ஆக 100 மி.லி.க்கு 99.6 கிராம் வர வேண்டும். 97 வந்தால் தராசோ சிரிஞ்சோ ஏதோ ஒன்று பிசகு. அதற்காக இரண்டையும் தூக்கிப் போட வேண்டாம். அதே தராசு, அதே கம்பெனியின் அதே அளவு சிரிஞ்சு என்று வைத்துக்கொண்டு, தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் பின்னால் சொல்லும்படி வரைபடத்தில் கோடு போட்டால், எண்ணெய்க் கோட்டின் சாய்வை (ஒவ்வொரு மி.லி.க்கும் கோடு எத்தனை கிராம் ஏறுகிறது என்பதை) தண்ணீர்க் கோட்டின் சாய்வால் வகுத்து 0.996-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். இரண்டு கோட்டிலும் ஒரே விகிதத்தில் இருக்கும் பிழை அந்த வகுத்தலில் அடிபட்டுப் போகும். தண்ணீரை முதலில் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

4. எண்ணெய்: இந்த முறை கிண்ணத்தின் எடையைக் கழிக்காதீர்கள்

எண்ணெய்ச் சிரிஞ்சை முதலில் ஒருமுறை நிரப்பி, திரும்ப பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். எண்ணெய் உள்சுவரில் படிந்து நிற்கும். முதல் முறை மட்டும் அந்தப் படிவு உள்ளே தங்கிவிடுவதால் 20 மி.லி. என்று எழுதினாலும் கிண்ணத்தில் விழுவது குறைவு. முன்பே படிந்திருந்தால் எல்லா முறையும் ஒரே அளவு விழும்.

இப்போது தராசு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டட்டும். அப்புறம் கிண்ணத்தை வையுங்கள். அது என்ன எடை காட்டினாலும் எழுத வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். எண்ணெயை 20, 20-ஆக ஊற்றித் தராசு காட்டுவதை அப்படியே எழுதுங்கள். இப்படி வரும்:

20 மி.லி. — 42.3 கிராம்
40 மி.லி. — 60.3 கிராம்
60 மி.லி. — 78.7 கிராம்
80 மி.லி. — 96.7 கிராம்
100 மி.லி. — 115.0 கிராம்

முதல் வரியை வகுத்தால் 2.12. கடைசி வரியை வகுத்தால் 1.15. இரண்டுமே தண்ணீரைவிடக் கனம் என்கின்றன. ஆனால் இதே எண்ணெய் தண்ணீர் மேல் மிதப்பதை எல்லோரும் அடுப்படியில் பார்த்திருக்கிறோம். பிள்ளைகளை இந்த இடத்தில் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். விடையைச் சொல்லாதீர்கள், கிராப் தாளை எடுக்கச் சொல்லுங்கள்.

5. அச்சுகள்

பருமன் கிடை அச்சில், நிறை செங்குத்து அச்சில். மாற்றிப் போட்டாலும் கோடு வரும், ஆனால் அதன் சாய்வு ஒரு கிராமுக்கு எத்தனை மி.லி. என்பதைச் சொல்லும். அப்போது கனமான பொருளின் கோடு படுத்துக் கிடக்கும், லேசான பொருளின் கோடு நிமிர்ந்து நிற்கும். விடையைத் தலைகீழாக எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் வழுக்கியிருப்பார்கள்.

அச்சில் எண் குறிக்கும்போது சம இடைவெளிக்குச் சம அளவு. ரொம்பச் சாதாரணமாகத் தெரிகிறது இல்லையா? புதிதாக வருகிறவர்களிடம் நான் அதிகமாகத் திருத்துவது இதைத்தான். அட்டவணையில் 42.3, 60.3, 78.7 என்று இருந்தால், அதே எண்களைச் செங்குத்து அச்சில் கட்டத்துக்கு ஒன்றாக எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எந்த அளவைக் கொடுத்தாலும் நேர்கோடு வந்துவிடும். தராசு உடைந்திருந்தாலும் நேர்கோடுதான். 0, 20, 40, 60 என்று அச்சை முதலில் எழுதி முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அட்டவணையைத் திறக்க வேண்டும்.

ஒரு கட்டத்துக்கு 1, 2, 5, 10 என்ற கணக்கில் அளவுத்திட்டம் எடுங்கள். 3, 7 எடுத்தால் நடுவில் வரும் எண்ணை வைக்கத் திணறுவீர்கள். இரண்டு அச்சும் பூஜ்யத்தில் தொடங்கட்டும். தாளை நிரப்ப வேண்டும் என்று செங்குத்து அச்சை 40-இல் தொடங்கினால், எட்டாம் படியில் படிக்க வேண்டிய எண் தாளைவிட்டு வெளியே போய்விடும்.

புள்ளியைச் சின்னப் பெருக்கல் குறியாகப் போடுங்கள். பென்சிலை அழுத்தி வைக்கும் உருண்டைப் பொட்டு அரைக் கட்டத்தை விழுங்கிவிடும்.

6. கோடு போடுவது

புள்ளிக்குப் புள்ளி இணைக்கக் கூடாது. இணைத்தால், அளப்பதில் நடந்த சின்னச் சின்னப் பிசகையெல்லாம் எண்ணெயின் குணம் என்று சொல்வதாகிவிடும். எண்ணெயின் குணம் ஒன்றுதான்: எவ்வளவு கூடுதலாக ஊற்றினாலும் ஒவ்வொரு மி.லி.யும் ஒரே நிறையைத்தான் சேர்க்கும். அதனால் அதன் படம் ஒரே நேர்கோடு.

ஸ்கேலைப் புள்ளிகளின் மேல் வைத்து நகர்த்துங்கள். கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளிகள் ஏறக்குறைய சமமாக விழ வேண்டும். முதல் பாதி முழுக்க மேலே, மறுபாதி முழுக்கக் கீழே என்று இருந்தால் ஸ்கேலைக் கொஞ்சம் திருப்புங்கள்.

ஆதிப்புள்ளி வழியாகப் போக வேண்டும் என்று கோட்டை இழுக்காதீர்கள். பூஜ்யப் பருமனுக்குப் பூஜ்ய நிறை என்று பாடத்தில் படித்த பிள்ளை, கட்டாயப்படுத்தி மூலைக்குக் கொண்டுபோகும். தராசு என்ன சொன்னதோ அதன்படிதான் கோடு போக வேண்டும். இடது பக்கம் செங்குத்து அச்சைத் தொடும் வரை கோட்டை நீட்டி விடுங்கள்.

7. சாய்வு

கோட்டின் மேல் இரண்டு இடம் தேர்ந்தெடுங்கள். அவை அளந்த புள்ளிகளாக இருக்க வேண்டாம். இருக்காமல் இருப்பதே நல்லது. அளந்த புள்ளியை எடுத்தால் அந்த இரண்டு அளவின் பிழை மட்டும் விடையில் ஏறிக்கொள்ளும், மற்ற மூன்றும் வீணாகும். கோடு ஐந்தின் சாரத்தையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது.

இரண்டு இடமும் எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. நம் கோட்டில் 10 மி.லி.க்கு நேரே 33.1 கிராம், 90 மி.லி.க்கு நேரே 105.9 கிராம். ஏற்றம் 72.8 கிராம், ஓட்டம் 80 மி.லி. வகுத்தால் 0.91. கடலை எண்ணெய்க்கு நம் வெப்பத்தில் வர வேண்டியது ஏறக்குறைய இதுதான்.

கட்டங்களை எண்ணி வகுப்பது இன்னொரு தவறு. செங்குத்தில் ஒரு கட்டம் 10 கிராம், கிடையில் ஒரு கட்டம் 5 மி.லி. என்றால் கட்டத்துக்குக் கட்டம் சமமாகாது. எப்போதும் அச்சில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். விடைக்குப் பக்கத்தில் ‘ஒரு மி.லி.க்கு இத்தனை கிராம்’ என்று எழுதாத சாய்வை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

8. கோடு அச்சை வெட்டும் இடம்

நீட்டிய கோடு செங்குத்து அச்சை 24 கிராமில் தொடுகிறது. இப்போது கிண்ணத்தைத் துடைத்துக் காயவைத்துத் தனியாகத் தராசில் வையுங்கள். 24 கிராம்தான் காட்டும். அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அளக்கவே இல்லாத ஒன்றைக் கோடு சொல்லிவிட்டது.

கிண்ணம் எல்லா அளவிலும் ஒரே 24 கிராமைக் கூட்டியது. அதனால் கோடு முழுவதும் அப்படியே மேலே ஏறியது, ஆனால் சாயவில்லை. வகுத்தல் விடைகளை 2.12 என்றும் 1.15 என்றும் கெடுத்தது அந்த 24 கிராம்தான். சாய்வை அது தொடவே இல்லை. தராசு எப்போதும் அரை கிராம் கூட்டியே காட்டினாலும் இதே கதைதான். வெட்டும் இடம் காட்டிக்கொடுக்கும், சாய்வு தப்பித்துக்கொள்ளும்.

ஆக இரண்டு வகைப் பிழையும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. எல்லா அளவிலும் ஒரே எண்ணாகக் கூடும் பிழை வெட்டும் இடத்தில் தெரிகிறது. அளவுக்கு ஏற்றபடி வளரும் பிழை தண்ணீர்க் கோட்டின் சாய்வில் தெரிகிறது.

9. கல்: பருமனைத் தராசிலேயே அளப்பது

போஜோ மார்க்கெட்டில் விற்கும் பச்சை மணிகளும், கல் வெட்டும் இடங்களில் மிஞ்சும் துண்டுகளும் இதற்கு அருமையானவை. காச்சின் மாநிலத்துப் ஃபாகண்ட் சுரங்கங்களிலிருந்து வரும் ஜேடைட் என்ற ஜேடு வகைப் பச்சைக்கல், ஒரு மி.லி.க்கு 3.3 கிராமுக்குக் கொஞ்சம் மேல், பெரும்பாலும் 3.34 பக்கம் இருக்கும். ‘மலேசிய ஜேடு’ என்ற பெயரில் விற்கப்படுவது பச்சைச் சாயம் ஏற்றிய குவார்ட்ஸ் வகைக் கல், அதற்கு 2.65. சாதாரணக் கண்ணாடிக்கு 2.5 பக்கம்.

இங்கே சிக்கல் பருமனில். ஐந்து கிராம் ஜேடு 1.5 மி.லி., ஐந்து கிராம் குவார்ட்ஸ் 1.9 மி.லி. அளவுசாடியில் போட்டு நீர்மட்டம் ஏறுவதைப் பார்த்து இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. சாடியின் ஒரு கோடே 1 மி.லி. அதனால் வேறு வழி.

கிண்ணத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம் கலந்து, தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக இறக்குங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. நூலைக் கையில் பிடித்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு டப்பாக்களின் மேல் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து அதில் கட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல்லின் நிறை இல்லை. கல் ஒதுக்கிய தண்ணீரின் நிறை. தண்ணீர் கல்லை மேலே தாங்குகிறது, அதே அளவு கல் தண்ணீரைக் கீழே அழுத்துகிறது, தராசுக்குத் தெரிவது அந்த அழுத்தம் மட்டும். தண்ணீர் மி.லி.க்கு ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால், 1.25 என்று காட்டினால் கல்லின் பருமன் 1.25 மி.லி.

எண்ணை எழுதியதும் நூலைத் தளர்த்திக் கல்லை அடியில் உட்கார விடுங்கள். தராசு சட்டென்று 4.18-க்குத் தாவும். அது கல்லின் முழு நிறை. ஒரே இறக்கத்தில் இரண்டு அளவும் கிடைத்துவிட்டன.

தவறுகள் இரண்டு. கல்லின் ஓரம் கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே முதல் எண்ணைப் படிப்பது ஒன்று. பருமன் அதிகமாக வரும். மற்றொன்று குமிழி. மணியின் துளைக்குள் 0.1 மி.லி. காற்று தங்கிவிட்டால் 1.25 என்பது 1.35 ஆகும், 3.34 என்ற விடை 3.10-க்கு இறங்கிவிடும், நல்ல ஜேடையே போலி என்று சொல்லிவிடுவோம். பாத்திரத் திரவம் போடச் சொன்னது இதற்காகத்தான். துளைக்குள் நூலை இழுத்து ஆட்டி, காற்று வெளியேறியதும் படியுங்கள்.

10. விலகி நிற்கும் புள்ளி

வெவ்வேறு அளவில் ஆறு கல்லாவது எடுங்கள். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்துவிடும், கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாது. புள்ளிகளைப் போட்டால் இப்படி இருக்கலாம்: 1.25 மி.லி.க்கு 4.18 கிராம், 2.20-க்கு 7.35, 2.90-க்கு 9.69, 4.00-க்கு 13.36, 5.00-க்கு 16.70. ஆறாவது கல் 3.00 மி.லி.க்கு 8.0 கிராம்.

ஐந்தும் ஒரு கோட்டில், ஆறாவது மட்டும் இரண்டு கிராம் கீழே. கோட்டை அதற்காக வளைக்காதீர்கள், அதை விட்டுவிட்டு மற்ற ஐந்துக்கும் போடுங்கள். ஆனால் அழிக்கவும் வேண்டாம். கல்லைத் திரும்ப இறக்கிப் பாருங்கள். குமிழியாக இருந்தால் இரண்டாவது முறை புள்ளி இடது பக்கம் நகரும். நகரவே இல்லையென்றால் அது வேறு கல். ஆதிப்புள்ளியிலிருந்து அதற்கு ஒரு தனிக் கோடு போட்டால் சாய்வு 2.67, குவார்ட்ஸ் இருக்கும் இடம்.

இதில் ஒரு எல்லையை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். சாய்வு ஒத்துவராத கல் ஜேடைட் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஒத்துவந்துவிட்டது என்பதற்காக ஜேடைட்தான் என்று சொல்லக் கூடாது. ஐடோக்ரேஸ் என்ற பச்சைக்கல்லின் அடர்த்தியும் 3.3-லிருந்து 3.4 வரைதான். அதே மாதிரி, கடலை எண்ணெயில் பாமாயில் கலந்திருக்கிறதா என்று இந்தக் கோட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டின் அடர்த்தியும் அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன.

11. கோடு வளைந்தால்

தேக்குத் துண்டைத் தண்ணீரில் அமுக்கி அளப்பவர்களுக்கு இது நடக்கும். மரம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதால் எண் நிற்காது. மெழுகு பூசி அளக்கலாம், அல்லது சதுரமாக அறுத்த கட்டையாக எடுத்து நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிக்கொள்ளலாம். இரண்டாவதுதான் சுலபம்.

12. வீசைக் கணக்குக்கு மாற்றுவது

இதுவரை செய்ததைக் கடைக்கு எடுத்துப்போக ஒரு படிதான் பாக்கி. நம் சந்தையில் எண்ணெய் வீசைக் கணக்கில் விற்கிறது, வீட்டில் இருக்கும் பாட்டிலோ லிட்டர். ஒரு வீசை 1.633 கிலோ.

எண்ணெய்க்குப் புதிதாக ஒரு தாள் எடுங்கள். கிடை அச்சில் லிட்டர், 0 முதல் 4 வரை. செங்குத்து அச்சில் கிலோ. சாய்வு 0.91 என்று ஆதிப்புள்ளியிலிருந்து கோடு. 4 லிட்டருக்கு நேரே 3.64 கிலோவில் ஒரு புள்ளி வைத்து இணைத்தால் போதும். இந்த முறை மூலையிலிருந்து தொடங்குவது சரிதான், ஏனென்றால் பாட்டிலின் எடை இந்தக் கணக்கில் இல்லை.

1.633 கிலோவுக்கு நேரே குறுக்குக் கோடு ஒன்று, அது எண்ணெய்க் கோட்டைத் தொடும் இடத்திலிருந்து நேரே கீழே இன்னொரு கோடு. 1.79 லிட்டரில் இறங்கும். அதே தாளில் தண்ணீருக்கும் கோடு போட்டால் ஒரு வீசை 1.64 லிட்டரில் இறங்குகிறது. ஒரு வீசை எண்ணெய் வாங்கப் போகிறவர் ஒன்றரை லிட்டர் பாட்டிலை எடுத்துப்போனால் 0.29 லிட்டருக்கு இடம் இருக்காது. இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்துப்போக வேண்டும், அது முழுதாக நிரம்பாமல் கழுத்துக்குக் கீழே நின்றால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.